எங்கள் அணி எந்த மாதம் விளையாடும்?

1

"கடதாசியில எல்லாரும் நேரத்துக்கு வருவினம் பிள்ளை. கிறவுண்டுக்கு வருவினமோ?"

யோகன் அண்ணை இப்படிக் கேட்டபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலைக் கடற்கரையில், சல்லியில் எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளர் அவர். அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான். அம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நான் ஓர் அட்டவணை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எந்த அணி, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, இரண்டு நிறப் பேனையால் எழுதியிருந்தேன். அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை.

போட்டி அவருடைய முறையில் நடந்தது. வந்து சேர்ந்தவர்கள் விளையாடினார்கள். கப்பல்துறை அணியின் வான் வழியில் நின்றுவிட்டது, அவர்களுக்கு மறுநாள். இன்னோர் அணிக்கு ஊரில் மரணவீடு. அவர்களுக்கு அதற்கு மறுநாள். இறுதியாட்டம் இருட்டுப்பட்ட பிறகு மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் முடிந்தது. சனம் அதைப் பற்றி ஒரு மாதம் கதைத்தது.

நான் அழவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர்; இன்றைக்கும் கைநாட்டுத்தான். கருவாடு போடும் அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார். அதையும் என்னிடம்தான் பழகினார். அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவளின் தாளை மடித்து வைத்தால் அவளுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது.

இப்போது எனக்குச் சம்பளம் தருவதே அட்டவணைதான்.

2

நோர்வேயில், பேர்கன் நகரத்தில் எனக்கு இது ஏழாவது வருஷம். மேற்படிப்புக்கு வந்து, மொழி படித்து, இந்த வட்டாரத்துச் சின்ன லீக்குகளுக்குப் போட்டி அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் மழைக்குள் டிராமில் போவேன். கோப்பியை வைத்துக்கொண்டு கணினியைத் திறந்தால், பத்து வயதுப் பிள்ளைகள் தொடக்கம் தலை நரைத்தவர்கள் வரை எல்லோருடைய சனிக்கிழமையும் என் கையில்.

வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்தியோகத்தர் என் தொழிலை இரண்டு தரம் வாசிப்பார். பந்தடிக்கும் நேரத்தை எழுத ஆசியாவிலிருந்து ஆள் வரவேண்டுமா என்று அவர் வாயால் கேட்பதில்லை. நான் முதுகை நேராக்கி இருப்பேன்.

தொடக்கத்தில் பிழை விடாமலும் இல்லை. "பிற்போடப்பட்டது" என்று எழுதவேண்டிய இடத்தில் "கைவிடப்பட்டது" என்று நோர்வேஜிய மொழியில் எழுதிவிட்டேன். ஒரு சிறுவர் அணி முழுவதும் அழுததாகப் பெற்றோர் ஒவ்வொருவரும் தனித்தனியே மின்னஞ்சல் போட்டார்கள். அன்றிலிருந்து எந்தச் சொல்லையும் இரண்டு தரம் பார்ப்பேன். மனிதர்களையும் அப்படித்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு தீவிலிருந்து ஒரு கழகம் தங்களையும் மேல்பிரிவில் சேர்க்கும்படி விண்ணப்பித்தது. நல்ல அணி, சேர்ப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். என் மேலதிகாரி இங்கர், ஐம்பது வயதைத் தாண்டிய பெண், சிரிக்க நேரமில்லாதவர். அவர் கேட்ட முதல் கேள்வி, காற்று அடித்து ஃபெரி ஓடாத நாளில் இவர்கள் எங்கே விளையாடுவார்கள் என்பது. அதற்குப் பதில் கிடைக்கவே மாதக்கணக்காகியது. அவர்களுடைய சொந்த மைதான ஆட்டங்களை மத்தியானத்துக்கு மாற்றினோம். காற்று மாதங்களில் அவர்கள் ஃபெரி ஓடும் நாளிலேயே கரைக்கு வந்து தங்கி விளையாடுவது, மற்ற மாதங்களில் எல்லோரும் தீவுக்குப் போவது என்று மற்றக் கழகங்களிடம் சம்மதம் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் அட்டவணையில் ஏறியது.

பனி கொட்டும் மாதங்களில் இங்கே லீக்கே நிற்கும். அதைப் பற்றி ஒருவரும் வெட்கப்படுவதில்லை.

3

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குகன் வட்ஸ்அப்பில் எடுத்தான். வழக்கமாக அவன் முகத்தைக் காட்டமாட்டான். கூரையையோ மின்விசிறியையோ காட்டிக்கொண்டு கதைப்பான். அன்று முகம் தெரிந்தது.

கொழும்பிலிருந்து நடக்கும் தொழில்முறை லீக்கில் அணிகளைக் கூட்டப்போகிறார்களாம். அடுத்த வருஷப் பருவத்தில் கிழக்குக்கு இரண்டு இடம்: திருகோணமலைக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று. யோகன் அண்ணையைத் திருகோணமலை அணிக்கு ஆள் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு.

குகன் இடதுபக்கம் விளையாடுகிறவன். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால். புல்லில் விட்டால் பிடிக்க ஏலாது. அவன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறான். இரண்டு வருஷமாகத்தான். நிரந்தர வேலை. கடல் தந்த நாளில் சாப்பிட்டுத் தராத நாளில் கடன்பட்ட எங்கள் வீட்டில், ஊரில் இருந்தபடியே மாதச் சம்பளம் எடுக்கும் முதல் ஆள் அவன்.

"எல்லாம் சரி அக்கா, ஒண்டுதான். முழுநேர ஆட்டக்காரர் எண்டால் வேற வேலை இருக்கக்கூடாதாம். வருஷ முடிவுக்குள்ள வேலையை விட்ட கடிதத்தைக் குடுக்கோணுமாம்."

எழுதிவிட்டாயா என்று கேட்டேன். எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன் என்றான். இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள். அந்த இடத்துக்குக் காத்து நிற்கிறவர்கள் வாசல் வரை நிற்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எத்தனையோ வருஷமாகச் சல்லியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து பெடியள் கொழும்புக் கழகங்களுக்குப் போகிறார்கள். கழக அறையின் தரையில் படுத்து, கடைச் சாப்பாடு சாப்பிட்டு, முழங்கால் வீங்கியதும் திரும்பி வருகிறார்கள். ஊருக்கென்று ஓர் அணி இருந்தால் அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு விளையாடலாம். அணிகளைக் கூட்டக்கூடாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். எண்ணிக்கை கூடினால் தரம் குறையும் என்பார்கள். அந்தக் கதையை நான் நம்புவதில்லை. எங்களைப் போன்றவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் யாராவது அதைச் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவதாக வந்தது சந்தேகம். முதலில் கேட்கவேண்டிய கேள்வியை யாரும் இன்னும் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது.

"கடிதம் பைக்குள்ளேயே இருக்கட்டும். நான் சொல்லுமட்டும் குடுக்காத," என்றேன்.

"நீ எப்ப சொல்லுவாய்?"



4

பேர்கனில் எங்களுக்கு ஓர் ஊர்ச்சங்கம் இருக்கிறது. தலைவர் சிவா அண்ணை, திருகோணமலை உவர்மலைக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். ஆவணியில் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்துக் கூட்டம் வைத்தார். வடை, பிளாஸ்க்கில் தேத்தண்ணி, முன்னுக்குப் பெரிய திரை. திரையில் கொழும்பிலிருந்து ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் தோன்றினார். திருகோணமலை விண்ணப்பத்தைத் தயாரிப்பவர் அவர்தான். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு, பின்னால் காற்பந்துக் கிண்ணங்கள் அடுக்கிய அலுமாரி.

அணியின் ஜேர்சி தயாராகிவிட்டது என்று சிவா அண்ணை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கடல் நீலம், நெஞ்சில் ஒரு மான். திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் எங்கள் மான்தான். மண்டபமே கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார்.

நான் ஜேர்சியைப் பார்த்தேன். ஓர் அணி உருவாகும்போது கடைசியாக வரவேண்டியது ஜேர்சி. அது முதலில் வந்தால் மற்றதெல்லாம் எங்கே என்று தேடுவேன்.

அவர்கள் எங்களிடம் பணம் கேட்கவில்லை. அதனால் சனத்துக்கு இன்னும் நம்பிக்கை. கேட்டது ஒரு கடிதம். வெளிநாட்டில் உதைபந்தாட்ட நிர்வாகத்தில் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளை ஒருத்தி இந்த விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதித் தரவேண்டும். அந்த ஒருத்தி நான். என்னை எழும்பி நிற்கச் சொன்னார்கள். மறுபடியும் கைதட்டல். பொய் சொல்லக்கூடாது, அது எனக்குப் பிடித்திருந்தது.

எழும்பி நின்றபடியே கேட்டேன்: போட்டிப் பருவம் எந்த மாதம்?

கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசியில் முடியும் என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்த மாதங்கள்தான் எப்போதும் வழக்கம் என்றும் சொன்னார்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் திருகோணமலை ஆட்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "மார்கழியில எங்கட கிறவுண்டில வள்ளம்தான் விடலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கொழும்புப் பக்கம் வெயில் திறக்கும் நேரத்தில்தான் எங்கள் பக்கம் மாரி அடைத்துக்கொண்டு நிற்கும். இது எங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். அந்த மாதங்களில் ஊர் மைதானத்தில் தவளை கத்தும். மாடுகூட ஏறி நிற்காது. கோயில் திருவிழாப் போட்டியை அந்த மாதங்களில் வைக்க யோகன் அண்ணைகூட நினைத்ததில்லை. நாட்டின் லீக் முழுவதையும் ஒரு கரையின் வானத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒருங்கிணைப்பாளர் தடுமாறவில்லை.

"அது ஒரு பிரச்சினையே இல்ல மிஸ். மழை எண்டால் உங்கட ஹோம் மேட்சையும் கொழும்பிலேயே வைக்கலாம். எல்லாத்தையும் டிவியில காட்டுவம்."

நான் உட்காரவில்லை. எத்தனை ஆட்டம் ஊரில் நடக்கும் என்று கேட்டேன். மழையைப் பொறுத்தது என்றார். மைதானத்தைப் பார்வையிட லீக் குழு எப்போது போகும் என்று கேட்டேன். புரட்டாதியில் என்றார். புரட்டாதியில் எங்கள் மைதானம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். வந்து பார்க்கிறவர் யாராக இருந்தாலும், அருமை என்று எழுதிவிட்டுப் போவார்.

சிவா அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

"தங்கச்சி, முதல்ல அணி வரட்டும். மழையைப் பிறகு பாப்பம்," என்றார்.

சனம் அதற்கும் கைதட்டியது. நான் வடை எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

5

அன்றிரவே குகனுக்கு நடந்ததைச் சொன்னேன். அவன் கமராவைக் கூரைப் பக்கம் திருப்பினான். பிறகு, "அக்கா, ஒண்டு சொல்லோணும். ஏசக்கூடாது," என்றான்.

மட்டக்களப்பு அணிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இதை ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் பக்கத்துச் சுற்றுப்போட்டிகளில் நல்ல ஆட்டக்காரன் ஒருவனை நாலு கழகம் கேட்கும். கழகத்துக்காரர் வீட்டுக்கு வருவார். கதிரை போடுவோம், தேத்தண்ணி கொடுப்போம். தாயைச் சுகம் விசாரித்துவிட்டுத் தாளை எடுத்து வைப்பார். வாசல் ஏறி வந்தவரை இல்லை என்று திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. ஆகவே கையெழுத்துப் போடுவான். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார், அவருக்கும் போடுவான். ஆட்டத்தன்று யாருடைய வான் முதலில் வருகிறதோ அதில் ஏறுவான். மற்றவர் கோபிக்கமாட்டார். அவருடைய பட்டியலிலும் இன்னோர் ஊர்ப் பெடியன் அப்படித்தான் இருப்பான். கையெழுத்து என்பது விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை. ஒருவரையும் கட்டாது.

தொழில்முறை லீக்கில் அது கட்டும். இரண்டு அணிக்குக் கையெழுத்துப் போட்டவன் ஒரு பருவம் முழுவதும் வெளியே இருக்கவேண்டும். என் அலுவலகக் கணினியில் அப்படிப்பட்ட பெயர்கள் சிவப்பாக வரும். நானே பல பேரை நிறுத்தியிருக்கிறேன். குகன் வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷம் பந்தும் இல்லாமல், கொழும்பில் ஏதோ ஓர் அறையில் இருப்பதை நினைத்தேன். எங்கள் வீட்டில் முதல் கையெழுத்துப் போட்டவள் நான். இவன் அதைத் தேத்தண்ணியோடு கொடுத்துவிட்டிருக்கிறான்.

ஏசக்கூடாது என்றான், ஏசினேன்.

"யோகன் அண்ணைக்குத் தெரியும் அக்கா. மட்டக்களப்பு மாஸ்டருக்கும் தெரியும்."

"லீக்குக்குத் தெரியுமோ?"

"நான் மட்டுமில்லை, எல்லாரும்தான் போட்டவங்கள்," என்றான்.

அந்த எல்லாரும் என்ற சொல்லில்தான் எனக்குத் தூக்கம் போனது.

அடுத்த லீவு நாளில் அவன் பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போனான். நான் சொல்லிப் போகவில்லை, அவனாகப் போனான். அங்கே அணி சேர்ப்பவர், உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். கோபிப்பார் என்று நினைத்தவனுக்கு மறுபடியும் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். தாளைத் தேடி எடுத்துக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தாராம். தன்னிடம் இருக்கும் பெயர்களில் அரைவாசிக்கு மேல் யோகன் அண்ணையிடமும் இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். இன்ன திகதிக்குள் முழு அணியின் பெயரையும் கொடு என்று கொழும்பு கேட்டால் வேறு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு டீமும் ஒரே பஸ்ஸில போகலாம் தம்பி. ஆளுக்காள் மோதுற அண்டைக்குத்தான் கரைச்சல்," என்று சொல்லிச் சிரித்தாராம்.

குகன் அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கிழக்கில் இரண்டு புதிய அணிகள் என்று கொழும்பில் மேளம் அடிக்கிறார்கள். உண்மையில் இருப்பது ஓர் அணிக்கான பெடியள். அவர்கள் விளையாடப்போவது சொந்த ஊரில் இல்லை. லீக்குக்குக் கூடியது இரண்டு பெயர். பெயர் கூடினால் லீக் நிர்வாகக் கூட்டத்தில் வாக்குக் கூடும், விளம்பரப் பலகையில் ஊர் கூடும். யாருக்கு அது தேவை என்று எனக்குத் தெரியாது. யாருக்கோ தேவை என்று மட்டும் சந்தேகம்.

6

செய்தி எப்படியோ யோகன் அண்ணைக்குப் போய்விட்டது. எனக்கு அழைப்பு எடுத்தார். வாழ்க்கையில் முதல் தரம்.

"நீ வேணாமெண்டு எழுதப்போறியாம், உண்மையோ?"

இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்றேன். அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வயதாகிவிட்டது.

"பெடியளைக் கொழும்புக்கு ஏத்தி அனுப்பி அனுப்பி எனக்கு அலுத்துப்போச்சுப் பிள்ளை. இந்த ஒண்டு வந்தால் ஊரிலேயே இருப்பாங்கள் எண்டு பாத்தன்."

"இந்த முறையில வந்தாலும் நீங்கள் ஏத்தித்தான் அனுப்போணும் அண்ணை. ஹோம் மேட்ச் எல்லாம் கொழும்பில எண்டுறாங்கள்."

அவருக்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மைதானத்துக்கு வெளிச்சக் கம்பங்கள் வரும், இருக்கை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், மாதத்தைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மாரியில் பந்தடிக்க ஒரு மனிசன் நினைப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப எந்த மாசத்தில வைக்கலாம் எண்டு நீ ஒருக்கால் எழுதிப் பாரன்," என்றார்.

அதே கிழமை சிவா அண்ணை வந்தார். மேல்சட்டை நனைந்திருந்தது. கையில் ஒரு பையில் அந்த நீல ஜேர்சி. இருக்கச் சொன்னேன், தேத்தண்ணி போட்டேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

"நீர் ஏன் எல்லாத்தையும் சந்தேகப்படுறீர்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

அவருடைய மகனுக்குப் பதின்மூன்று வயது. இங்கே ஒரு கழகத்தில் விளையாடுகிறான். அவனுடைய ஆட்டங்களும் என் அட்டவணையில்தான். கூட்டத்தன்று அவன் வரவில்லை. தனக்கு ஆட்டம் இருக்கிறது என்றானாம். தமிழில் கேட்டால் நோர்வேஜியத்தில் பதில் சொல்கிறானாம். திருகோணமலை என்று சொன்னால் அது அப்பாவின் கதையில் வரும் இடம். அங்கே ஓர் அணி இருந்து, அது தோற்றது வென்றது என்று ஒவ்வொரு கிழமையும் செய்தி வந்தால் அவன் ஒருவேளை நிமிர்ந்து பார்ப்பான் என்று இவர் நினைத்திருக்கிறார்.

"எனக்கு வேற வழி தெரியேல்ல தங்கச்சி," என்றார்.

சந்தேகப்படுவது எனக்கு ஒரு பெருமையாகிவிட்டதோ என்று அன்றைக்கு யோசித்தேன். எல்லோரும் கைதட்டும்போது கைதட்டாமல் நிற்கிறவள் என்ற பெயரும் எனக்குப் பிடிக்கும். அதற்காக ஊருக்கு வருகிற ஒன்றைத் தட்டிவிடுகிறேனா? குகனின் சம்பளம் போய்விடும் என்ற பயத்துக்கு நியாயத்தின் சட்டையைப் போட்டிருக்கிறேனா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மார்கழியில் அந்த மைதானத்தில் தண்ணீர் நிற்பது என் பெருமையால் இல்லை.

"அவன் எந்த ஊரின்ர ஆட்டத்தைப் பாப்பான் அண்ணை?" என்று கேட்டேன். "டிவியில தெரியப்போறது கொழும்பு கிறவுண்ட். அதில உங்கட ஊர் எங்க?"

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்ட கடிதத்தை எழுதமாட்டேன், வேறொரு கடிதம் எழுதுவேன் என்றேன். சங்கத்தின் பெயரை அதில் போடலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது ஜேர்சியை எடுக்க மறந்தாரா, வேண்டுமென்று விட்டாரா தெரியாது. கதிரையில் கிடக்கிறது.

7

கடிதத்தை எழுத நான்கு பின்னேரம் எடுத்தது. ஒருங்கிணைப்பாளருக்கு எழுதவில்லை, லீக்கின் போட்டிக் குழுவுக்கு நேரடியாக எழுதினேன். அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. இங்கர் வாசித்துவிட்டு, கோபமாக இருந்த இரண்டு வசனத்தை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

அணிகளைக் கூட்டுங்கள் என்றுதான் தொடங்கினேன். கிழக்குக்கு இடம் கொடுப்பது நியாயம். இவ்வளவு காலம் கொடுக்காதது பிழை. ஆனால் இப்போதைக்கு இரண்டு வேண்டாம், ஒன்று போதும். அதை இரண்டு மாவட்டமும் சேர்ந்து வைத்திருக்கட்டும். பெடியள் ஏற்கெனவே ஒரே ஆட்கள்தான் என்று எழுதவில்லை. எழுதினால் பாதிப் பேர் ஒரு வருஷம் வெளியே நிற்பார்கள். அதை அவரவர் போய்த் தாளைத் திரும்ப வாங்கித் தீர்க்கட்டும். குகன் வழியைக் காட்டிவிட்டான், யோகன் அண்ணையும் மாஸ்டரும் இப்போது உட்கார்ந்து பெயர்களைப் பிரிக்கிறார்களாம். கிழக்கு அணியின் சொந்த ஆட்டங்கள் மாசிக் கடைசி தொடக்கம் புரட்டாதி வரை, அதற்காகப் பருவத்தை நீட்டுங்கள் என்று கேட்டேன். ஓர் அட்டவணையும் இணைத்தேன். ஒவ்வொரு கரையும் தன் வெயில் மாதங்களில் மற்றக் கரையை வரவேற்கும் அட்டவணை. செய்யலாம். தீவுக்கே செய்தோம்.

கடைசிப் பந்தியில் ஒரே ஒரு வேண்டுகோள். மைதானப் பார்வையைப் புரட்டாதியில் வைக்காமல், மார்கழி முதல் கிழமையில் வையுங்கள். எந்த மாதம் விளையாடச் சொல்கிறீர்களோ அந்த மாதம் வந்து பாருங்கள்.

பதில் வருமென்று நான் நினைக்கவில்லை. வந்தது. இரண்டு வரி. அட்டவணையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடிதம் எழுதியவரே மைதானத்தில் நின்று காட்டுவதானால் மார்கழியில் ஓர் உறுப்பினரை அனுப்பலாம் என்று குழுவின் செயலாளர் எழுதியிருந்தார். இது நல்ல சகுனமா, என்னைக் களைக்கவைக்கும் வழியா என்று இன்னும் தெரியாது. மழைக்குப் பயந்து வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். பேர்கனில் ஏழு வருஷம் இருந்தவளிடம் மழையைக் காட்டியிருக்கிறார்கள்.

குகனுக்குச் சொன்னேன். அந்த உறுப்பினர் வந்துபோகுமட்டும் கடிதத்தைக் கொடுக்கமாட்டேன் என்று அவனே சொன்னான். ஊரில் விளையாட இடம் தந்தால் அன்றைக்கே கொடுப்பானாம். கொழும்பில்தான் என்றால் கிழிப்பானாம். நான் இரண்டுக்கும் ஓம் என்றேன். அந்த ஓம் எனக்கு லேசாக வரவில்லை.

மார்கழிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். விமானச் சீட்டும் எடுத்துவிட்டேன். நேற்று வேலை முடிந்து வரும்போது, துறைமுகத்தடிக் கடையில் மீன்பிடிக்காரர் போடும் முழங்கால் உயர றப்பர் சப்பாத்து இரண்டு சோடி வாங்கினேன், எனக்கும் குகனுக்கும். மூன்றாவது சோடியை வாங்க ஏலவில்லை. ஆகவே இன்று காலை லீக் செயலாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்: வருகிற உறுப்பினரின் கால் அளவு என்ன?